திறந்தவுடன் வெந்நீர்

வெந்நீர் வருவதற்காகக் குழாயடியில் காத்து நிற்பதைப் போல அலுப்பான வேலை வேறொன்று இல்லை. நீயும் தனியாக வீடு நடத்துகிறவள்தான், உனக்குத் தெரியாததா? கையை நீட்டினால் பச்சைத் தண்ணீர். பல் தேய்த்துவிட்டு வந்து நீட்டினாலும் பச்சைத் தண்ணீர். நம் பொறுமையெல்லாம் தீர்ந்த பிறகுதான் போனால் போகிறது என்று லேசாகச் சூடு வரும். அந்த அவஸ்தை இந்த வீட்டில் இப்போது கிடையாது. சற்று முன் நீயே பார்த்தாய். கை கழுவப் போனவள் சுரீரென்று கையை இழுத்துக்கொண்டாய்.

வெளியே வந்து ஈரக்கையைத் துடைக்காமலே கேட்டாய். "அக்கா, இந்த லைனை எப்ப மாத்துனீங்க? கால் வெந்த அன்னைக்கு பழைய குழாய்தான் இருந்துச்சுன்னு அவர் சொன்னாரே."

உட்கார், சொல்கிறேன். தம்பி மாத்திரை போட்டுக்கொண்டு தூங்குகிறான். எழுந்திருக்க நேரமாகும். மருந்துக்கடையில் அந்த மாத்திரையைப் பொட்டலம் கட்டுகிறவளே நீதான், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு எதையும் பூசி மெழுகுகிற எண்ணம் இல்லை. இதுவரை யாரும் என்னிடம் கேட்கவில்லை, அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் டாக்டர் அவனைத்தான் கேட்டார். "என் கவனக்குறைவுதான் டாக்டர்" என்று அவனே முந்திக்கொண்டு சொல்லிவிட்டான். ஒருவர் பேசும்போது குறுக்கே விழுந்து திருத்துகிற பழக்கம் எனக்கு இல்லை.

வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. இடது பாதத்தில் விரல்களை எடுத்துவிட்டார்கள். நம் இரண்டு பேருக்கும் தெரிந்த விஷயம், அதைச் சொல்லி உன்னை அழவைக்கப் போவதில்லை. நீ கேட்டது குழாயைப் பற்றி. குழாயைப் பற்றியே சொல்கிறேன்.

கட்டட ஒப்பந்தக்காரரின் அலுவலகத்தில் வரைபடம் போட்டே என் ஆயுசில் பாதி போயிற்று. எந்தச் சுவருக்குள் எந்தக் குழாய் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஊருக்கெல்லாம் நல்ல குழாய் வரைந்து கொடுத்தேன், என் வீட்டில் மட்டும் அப்பா காலத்துக் கோணல். ஹீட்டர் பின்கட்டில் இருக்கிறது. அதிலிருந்து ஒரு தடித்த குழாய் சமையலறையைச் சுற்றி, கூடத்துச் சுவரோடு வந்து, கடைசியாகத்தான் குளியலறையை எட்டிப் பார்க்கும். ஒவ்வொரு தடவையும் அந்த நீளமெல்லாம் தேங்கி ஆறிப்போன தண்ணீர் வெளியேறிய பிறகுதான் வெந்நீருக்கு வழி. எல்லோரும் ஹீட்டரைத் திட்டுவார்கள். பாவம், ஹீட்டர் என்ன செய்யும்?

இதில் ஒரு நல்லதும் இருந்தது. அச்சகத்தில் நாள் முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு வருகிற தம்பிக்கு, சாயங்காலம் பேசினில் கால் வைத்து உட்கார வேண்டும். பேசினை வெந்நீர்க் குழாயின் கீழே வைப்பான், முழுசாகத் திறந்துவிடுவான், சட்டையைக் கழற்றி மாட்டுவான். அதற்குள் பேசின் நிறைந்துவிடும். முதல் பாதி குழாயில் கிடந்த பச்சைத் தண்ணீர், மறுபாதி வெந்நீர். யாரும் கலக்காமல், யாரும் தொட்டுப் பார்க்காமல், தானாகவே பதம் வந்துவிடும். பக்கத்தில் இருந்த பச்சைத் தண்ணீர்க் குழாயை அவன் தொட்டதே இல்லை. இந்த வீட்டில் வளர்ந்த எவருக்கும் கை அப்படித்தான் பழகியிருந்தது.

சர்க்கரை வந்த பிறகு அவன் பாதம் மரத்துப்போனது உனக்குத் தெரியும். ஒரு நாள் அச்சகத்து ஊசி ஒன்று செருப்பைத் துளைத்து உள்ளே ஏறியிருந்தது. வீட்டுக்கு வந்து நடையெல்லாம் ரத்தத் தடம் போட்டான். நான் கூப்பிட்டுக் காட்டிய பிறகுதான், "அட, ஆமா" என்று காலைத் தூக்கிப் பார்த்தான். நீதான் அவனிடம் தினமும் காலைக் கழுவித் துடைத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னாயாம். ஊறவைக்கச் சொல்லவில்லை என்று இப்போது சொல்வாய். இருக்கட்டும். ஆக, அந்தக் கோணல் குழாயின் தாமதம்தான் அவன் காலைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. இந்த உலகத்தில் அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

இனி உன் கதைக்கு வருகிறேன். அச்சகத்தில் தெரியும், மருந்துக்கடையில் தெரியும், உன் வீட்டுக் காவல்காரருக்குக்கூடத் தெரியும், நீங்கள் இருவரும் பதிவுத் திருமணம் செய்துகொள்ளப் போகிறீர்கள் என்று. கடைசியாகத்தான் எனக்கு வந்தது, என் வீட்டு வெந்நீரைப் போல. அம்மாவும் அப்பாவும் போனபோது அவன் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டிருந்தவன். அவனுக்காக எத்தனை வரனைத் திருப்பி அனுப்பினேன் என்று நான் கணக்குப் பார்க்கவில்லை. கணக்குப் பார்க்கிறவளாக இருந்தால் என்றைக்கோ அவனைக் கைகழுவி விட்டிருப்பேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னான், ஊறுகாய் வேண்டும் என்பதுபோல.

"அக்கா, நான் அவங்க வீட்டுக்கே போயிடலாம்னு இருக்கேன். கடைக்குப் பக்கம், அவங்களுக்கும் வசதி. இந்த வீடு உனக்குத்தான். போறதுக்கு முன்னாடி உனக்கு பாத்ரூமை நல்லா மாத்திக் கட்டித் தந்துட்டுப் போறேன். குளிர்ல நீ வாளியோட நிக்கிறதைப் பார்த்தா மனசு கஷ்டமா இருக்கு. திறந்த உடனே வெந்நீர் வர்ற மாதிரி செஞ்சுடுவோம். எப்படி வேணும்னு நீயே முடிவு பண்ணு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொறாமை என்று சொல்வாய். சொல்லிக்கொள், அந்த வார்த்தைக்கு நான் வெட்கப்படவில்லை. ஒரு பெண்பிள்ளையின் முழு ஆயுசுக்கும் கைம்மாறாக ஒரு வெந்நீர்க் குழாய். ஆனால் நான் சிரித்தேன். "சரிடா, நீ ஆசைப்படறே, செஞ்சிடுவோம்" என்றேன்.

பிளம்பர் நல்ல மனிதர், எங்கள் அலுவலகத்துக்கு வேலை செய்த பழக்கம். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். கூடத்தில் உட்கார்ந்து மூன்று வழி சொன்னார். ஹீட்டருக்குப் பக்கத்திலேயே ஒரு பிரிப்புப் பெட்டி வைத்து, ஒவ்வொரு குழாய்க்கும் தனித்தனியாக மெல்லிய குழாய் இழுக்கலாம். குழாய் மெல்லியதாக இருந்தால் உள்ளே தேங்கும் தண்ணீரும் குறைவு, காத்திருப்பதும் குறைவு. இல்லையென்றால் குளியலறையிலேயே சின்ன ஹீட்டர் ஒன்று மாட்டலாம். மூன்றாவது சுற்றுக்குழாய். வெந்நீர் குளியலறை வரை போய் மறுபடி ஹீட்டருக்கே திரும்பி வந்துகொண்டிருக்கும், ஒரு சின்ன மோட்டார் அதைச் சுற்றவிட்டபடி இருக்கும்.

"இது போட்டா குழாய்ல பச்சைத் தண்ணியே நிக்காதும்மா. திறந்த உடனே சுடச்சுட கொட்டும். ஆனா ஒண்ணு, குழாய்க்கு முன்னாடி கலவை வால்வு ஒண்ணு கண்டிப்பா வெச்சுடணும். அது சூட்டைத் தணிச்சுத்தான் விடும். இல்லேன்னா தோல் உரிஞ்சிடும்."

"நாங்க ரெண்டே பேர், சின்னப் பிள்ளைங்க யாரும் இல்லையே. வால்வை அப்புறம் பார்த்துக்கலாம்" என்றேன்.

"தம்பிக்குச் சர்க்கரைன்னு சொன்னாரே?"

"சர்க்கரைக்கும் குழாய்க்கும் என்ன சம்பந்தம்? வேலையைப் பாருங்க" என்றேன். தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். கேட்டதைச் செய்து கொடுக்கிறவர் அவர். அவரைப் போய்த் தொல்லை செய்யாதே.

பிரிப்புப் பெட்டிதான் இந்த வீட்டுக்குப் பொருத்தம். எந்தக் கத்துக்குட்டியும் அதைத்தான் வரைவான். மோட்டார் இல்லை, மின்சாரம் மிச்சம். அப்போதும் கொஞ்சம் பச்சைத் தண்ணீர் முதலில் வரத்தான் செய்யும். அதனால்தான் அது வேண்டாமென்று வைத்தேன்.

மணமக்கள் துணி எடுக்கப் போனீர்களே, அன்றைக்குத்தான் வேலை முடிந்தது. பிளம்பர் சுற்றுக்குழாயை இணைத்து, மோட்டாரை ஓடவிட்டு, ஹீட்டரின் சூட்டுத் திருகை நடுவில் வைத்துவிட்டுப் போனார். நான் அதைக் கடைசி வரைக்கும் திருப்பினேன். குளியலறையில் டைல் ஒட்டுகிற வேலை அப்படியே பாதியில் நின்றது. பார்க்கிறவர்களுக்கு எதுவும் முடிந்தது மாதிரி தெரியாது. தம்பி வந்தான், கையில் துணிப்பை, முகமெல்லாம் சிரிப்பு.

"லைன் குடுத்தாச்சாக்கா?"

"இன்னும் இல்லடா. பழைய குழாய்தான் ஓடுது. நாளைக்கு வர்றேன்னுட்டுப் போனார்."

நான் அவனிடம் சொன்ன ஒரே பொய் அதுதான். நீங்கள் இருவரும் எத்தனை மாதம் எத்தனை பொய் சொல்லிக்கொண்டு சந்தித்தீர்கள், அதை யார் கேட்டார்கள்?

பேசினை வைக்கிற சத்தம் கேட்டது. தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. ஆவி தெரிந்திருக்காதா என்று உனக்குத் தோன்றும். வெந்நீர் என்றால் ஆவி வரத்தானே செய்யும்? அவன் எந்த நாளும் ஆவியைப் பார்த்துப் பேசினுக்குள் கால் விட்டவன் இல்லை. குழாயை மூடினான். முக்காலி தேய்கிற சத்தம் கேட்டது. கத்துவான் என்று ஒரு நொடி நினைத்தேன், பொய் சொல்லவில்லை. கத்தியிருந்தால் ஓடிப்போய்த் தூக்கியிருப்பேன். அவன் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

இப்போது பார், அவனுக்கு நான் என்ன குறை வைத்தேன்? வேளைக்கு மாத்திரை, வேளைக்குக் கட்டு. தண்ணீரை முழங்கையால் தொட்டுப் பார்த்துத்தான் மேலுக்கு ஊற்றுகிறேன். ராத்திரி ஒரு குரல் கொடுத்தால் போதும், நிற்பேன். நீ செய்வாயா? கடையைப் பூட்டிவிட்டு வந்து, காலில்லாத மனிதனைக் குளிப்பாட்டுவாயா? "இப்படி இருந்தாலும் என்கூடத்தான் இருப்பீங்க" என்று நேற்று அவனிடம் சொன்னாயாம். அதை என்னிடம் சொன்னபோது அவன் முகம் மலர்ந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அழைத்துக்கொண்டு போய்ப் பார். போலீசிடம் போக வேண்டுமானாலும் போ. அவனை எழுப்பி, இதையெல்லாம் அவனிடமே சொல்ல வேண்டுமானாலும் சொல். நான் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் வெந்நீரில் தெரியாமல் காலை வைத்ததாக அவன் தன்னைத்தானே நொந்துகொண்டிருக்கிறான். அக்கா வைத்தாள் என்று தெரிந்தால் அவனுக்கு என்ன மிஞ்சும்? அதையும் யோசித்துக்கொள்.

இன்னும் ஒன்று பாக்கி. தவறிப்போய்க் கால் வைத்தவன் சீக்கிரம் எடுத்திருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது என்று டாக்டர் சொன்னார் அல்லவா. ஏன் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தான் என்று நீ ஆஸ்பத்திரியில் சுவரில் முட்டிக்கொண்டு அழுதாய்.

நான் கதவுக்கு வெளியே போய் நின்றேன். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிராதவள், அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்டேன். "பொண்ணு என்ன நிறத்துல துணி எடுத்தா?" என்றேன். அவனுக்கு நம்ப முடியவில்லை. "அக்கா, நீயா கேக்கறே?" என்றான். அப்புறம் மடை திறந்தது போல வந்தது எல்லாம். நீ கடையில் சில்லறையைத் தப்பாகக் கொடுத்துவிட்டுத் தெருவரைக்கும் துரத்திக்கொண்டு வந்தது. நீ சிரித்தால் கண் மூடிக்கொள்வது. எனக்கென்று நீ சால்வை ஒன்று எடுத்துவைத்திருப்பது, பையில் இருப்பது, நானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது. நடுவில் நான் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தேன். உம் கொட்ட வேண்டிய இடத்தில் உம் கொட்டினேன்.

"போதும்க்கா, தண்ணி இந்நேரம் ஆறிப்போயிருக்கும். எழுந்து வர்றேன், நேர்லயே சொல்றேன்" என்றான்.

"அவ வீடு எத்தனாவது மாடின்னு சொன்னே?" என்று கேட்டேன்.

"மூணாவது மாடிக்கா. லிஃப்ட் இல்ல, படிதான். அதனால என்ன, ஏறிடுவேன்."

"சரி சரி, அவசரப்படாதே. நாளெல்லாம் நின்ன காலுடா, இன்னும் கொஞ்ச நேரம் ஊறட்டும்" என்றேன்.