ஈரச் சுவர் நிலவரம்

இல்ல, ஏணிய விட்டு எறங்க வேணாம், அங்கயே நின்னு கேளுங்க மாடசாமி அண்ணே. இந்தச் சுவருக்கு அப்படி என்ன குறை வந்திச்சு? பெருநாளைக்கு நீங்கதானே வந்து வெள்ளையடிச்சீங்க. நாலு மாசம் ஆகல்ல. சாஞ்சா இன்னும் சட்டையில ஒட்டுது. "வாப்பா அடிக்கச் சொன்னாங்க"ன்னு அதையே சொல்லாதீங்க. வாப்பா சாதிக்காய் வியாபாரி. சாதிக்காயப் பத்தி அவங்க என்ன சொன்னாலும் கேட்டுக்குவேன். சுண்ணாம்பு வேற. சுண்ணாம்பப் பத்தி இந்த மாத்தளையில யாராவது பேசணும்னா நான்தான் பேசணும்.

சிரிக்காதீங்க, ஏணி ஆடுது.

நான் பேராதனையில பொருளாதாரம் படிக்கிறது தெரியும்தானே? இன்னும் ஒரே ஒரு வருஷம். பரீட்சை எழுதிட்டா முடிஞ்சிச்சு. அதுக்குள்ள என்னை யாருக்காவது கட்டிக் குடுத்துட்டாங்கன்னா அந்த வருஷம் போச்சு. அதான் விசயம். நீங்க சுவருல அடிக்கல்ல, என் படிப்பு மேல அடிக்கிறீங்க.

எப்படியா? இந்த லீவுக்கு வந்தப்போ நம்ம தெரு வாசிகசாலையில ஆண்டு மலர் போடுறாங்கன்னு கட்டுரை கேட்டாங்க. பொம்புளப் பிள்ளைகிட்ட என்ன கேப்பாங்க, வட்டிலப்பம் செய்யிறது எப்படின்னு கேட்டாங்க. முடியாதுன்னுட்டேன். வீட்டு நிலவரம் எழுதுறேன்னேன். போன வருஷம் இந்த டவுன்ல எத்தன வீடு வாடகைக்குப் போச்சு, எத்தன வித்திச்சு, வார வருஷம் எப்படி இருக்கும்... ஒருத்தரும் தொடாத விசயம்.

தெருத் தெருவா நடந்தேன் அண்ணே, கொங்காவெலயில இருந்து அலுவிகாரை வரைக்கும். என்ன கண்டேன்? ஒண்ணுமே நடக்கல்ல. வாடகைச் சட்டம் வந்ததில இருந்து குடியிருக்கிறவன் எழும்ப மாட்டான், அதுக்குப் பயந்து வீட்டுக்காரன் புதுசா ஒருத்தனுக்கும் குடுக்க மாட்டான். தம்புள்ளைப் பக்கம் வெங்காய லொறி ஓட்டுற இருளாண்டின்னு ஒரு மனுசன், பொண்டாட்டி பிள்ளைகளோட ஏழு மாசமா ரெண்டு அறை தேடுறார். கிடைக்கல்ல.

ஆனா வீடு கை மாறத்தான் செய்யுது. எப்பன்னா, கலியாணத்துல. மகளுக்குக் கலியாணம்னா வாப்பா வீட்ட மகள் பேருக்கு எழுதுவார், மருமகன் அங்க வந்து குடியேறுவார், அவர் இருந்த வாடகை அறை காலி. வேற வாசலே இல்ல. கலியாணத்துக்கு முன்னுக்கு என்ன வரும்? சுண்ணாம்பு வரும். பெருநாளைக்கு ஊரே அடிக்கும், அத நான் சேக்கல்ல. பெருநாளும் இல்ல, விசேசமும் இல்ல, சும்மா கிடந்த வீட்டுல திடீர்னு ஏணி சாத்துறாங்க பாருங்க, அதத்தான் வீடு வீடாக் கேட்டு எண்ணினேன். போன வருஷம் பதினொரு வீடு. ஒன்பது வீட்டுல மூணு மாசத்துக்குள்ள கலியாணம். ஜுனைதீன் முதலாளி வீட்டுல பத்தொன்பதே நாள், சுவர் காயல்ல, அவர் மகள் மஸீஹாட கலியாணச் சாரியெல்லாம் வெள்ளை. அந்தப் பதினொண்ணுல ஆறு நீங்க அடிச்சது, உங்களுக்கே தெரியாது.

அதனால வார வருஷத்துக்கு எழுதினேன்: வீடு தேடுவோர் பத்திரிகை விளம்பரங்களைப் பார்த்து நேரத்தை வீணாக்காமல், ஈரச் சுவர் எங்கே இருக்கிறது என்று பார்க்கவும். நல்ல வரிதானே? நானே ரெண்டு மூணு தரம் வாசிச்சுக்கிட்டேன்.

கட்டுரைய வாசிச்ச கூட்டத்துல பலீல் எழும்பினான். வாசிகசாலைக் காரியதரிசி, கட்டுரையும் எழுத மாட்டான், எழுதினவங்களையும் விட மாட்டான். "இது பொருளாதாரமா, சாத்திரமா?"ன்னான். பின்வரிசை முழுக்கச் சிரிச்சிச்சு. "ரெண்டு வீடு தவறியாச்சு, இன்னொண்ணு தவறட்டும், அடுத்த வருஷம் நீங்க வட்டிலப்பம்தான்"ன்னான். பாப்போம்னேன்.

அந்த மலர வாப்பா கண்ணாடி போட்டுக்கிட்டு மூணு தரம் வாசிச்சாங்க. உம்மாவுக்கும் சத்தமா வாசிச்சுக் காட்டினாங்க. எனக்கு ஒரே பெருமை. விடிஞ்சு பார்த்தா முத்தத்துல நாலு மூட்டை சுண்ணாம்பு. "சுண்ணாம்பு அடிச்சா மூணு மாசத்துல மாப்பிள்ளை வரும்னு நீதானே மகள் எழுதியிருக்கே"ங்கிறாங்க. மாப்பிள்ளை வாரதாலதான் சுண்ணாம்பு அடிக்கிறாங்க வாப்பா, சுண்ணாம்பு அடிக்கிறதால மாப்பிள்ளை வரல்ல... ரெண்டு மணித்தியாலம் விளக்கினேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, "அப்ப நீ எழுதினது பொய்யா?"ங்கிறாங்க.

இதுக்கு என்ன சொல்றது? பொய்னு ஒரு சொல் சொன்னா நீங்க ஏணியத் தூக்கிட்டுப் போயிருவீங்க, நான் பேராதனைக்குப் போயிருவேன். ஆனா கால் வீங்க நடந்து எண்ணினத எப்படி அண்ணே பொய்ங்கிறது? "உண்மைதான் வாப்பா"ன்னுட்டேன்.

நேத்து நீங்க முன் சுவர் முடிச்சு அரை மணித்தியாலம் இல்ல, கலியாணம் பேசுற நூருன்னிஸா மாமி வந்துட்டாங்க. சுவர விரலால தொட்டாங்க, விரலப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க. அவங்க போக, இருளாண்டி வந்து நிக்கிறார். "மாப்பிள்ளை இப்ப எந்த அறையில இருக்காருங்க, எப்ப காலியாகும்?"னு கேக்கிறார். அவரையும் ஏச முடியல்ல. நான் எழுதினத நம்பி வந்தது அவர் ஒருத்தர்தான்.

கொஞ்சம் பொறுங்க... ஒண்ணு யோசிக்கல்ல பாருங்க நான். அந்தப் பதினொண்ணுல ரெண்டு தவறிச்சே, நல்லையா மாஸ்டர் வீடும் அதுக்கு அடுத்த வீடும். ரெண்டும் ஒரு தடவ மட்டும் அடிச்சு, ரெண்டாவது தடவ அடிக்காம விட்ட வீடு. அப்ப நீங்களும் இந்த ஒரு தடவையோட விட்டுருங்க அண்ணே. வாப்பாகிட்ட சுண்ணாம்பு முடிஞ்சிச்சு, ரெண்டாவது தடவைக்குக் காணாதுன்னு சொல்லுங்க. மாப்பிள்ளையும் வர மாட்டான், நான் பொய்யும் சொல்லல்ல. படிச்சா இப்படித்தான், ஒரு வழி எங்கயாவது கிடைக்கும்.

ஓம், எறங்குங்க. ஏணிய நான் புடிச்சிக்கிறேன். வாளிய இப்படித் தாங்க.

இல்ல, நில்லுங்க.

அப்ப பன்னிரண்டுல மூணு தவறினதா ஆகும். அந்த மூணாவது வீடு, கட்டுரை எழுதின என்ட வீடே. பலீல் எழும்பி அதத்தான் முதல்ல சொல்லுவான். பின்வரிசை எல்லாம் சேந்து...

ஏறுங்க அண்ணே. ஏறுங்கன்னா ஏறுங்க, இந்தாங்க வாளி. ரெண்டாவது தடவையும் அடிங்க. அந்த ஜன்னலுக்கு மேல பழசு தெரியுது, அங்க நல்லா அழுத்தித் தேயுங்க. நாளைக்கும் நேரத்தோட வந்துருங்க. மூணு மாசம்னு எழுதியிருக்கேன், ஒரு நாள் பிந்தக் கூடாது.