வடகடல் வாசலில் நிற்கப் போகிறவள்

இந்த எழுத்தறிவு விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் தீப்பெட்டி ஆபீஸ் அண்ணாச்சி பூவனநாதன் அவர்களே! என் கையில் எழுத்தைக் கொடுத்த அறிவொளி டீச்சர் உமாதேவி அவர்களே! ஆட்டை அடைத்துவிட்டு ஓடிவந்திருக்கும் இடைசெவல் பெரியவர்களே! முன்வரிசையில் முகம் திருப்பி உட்கார்ந்திருக்கும் என் மனைவி சுப்புத்தாய் உள்ளிட்ட தாய்மார்களே! வணக்கம்.

முதலில் மன்னிப்பு. இந்தத் தாளை எழுத ஒன்பது நாள் ஆனது. எழுத்தெல்லாம் உழுத கரிசல் போல மேடும் பள்ளமுமாகக் கிடக்கிறது. தடுக்கித்தான் வாசிப்பேன். ஆனால் வாசிப்பேன்! அறுபத்துமூன்று வயதில் என் எழுத்தை நானே வாசிப்பேன்!

அந்த மகிழ்ச்சியோடு ஒரு பயத்தையும் கொண்டுவந்திருக்கிறேன். மீன்களைப் பற்றிப் படிக்கிற என் மகள் இந்துஜாவை, வடதுருவப் பனிக்கடலுக்குப் போகும் ஆராய்ச்சிக் கப்பலில் ஆறு மாதத்துக்குக் கூப்பிடுகிறார்கள். தகப்பன் கையெழுத்து வேண்டுமாம். தாள் என் சட்டைப்பையில் இருக்கிறது.

யாரது, காசிராஜனா? “ஆட்டுக்காரனுக்கும் பனிக்கடலுக்கும் என்னவே சம்பந்தம்?” என்கிறீரா? சொல்லுதேன், பொறும்!

பசிபிக் ஒரு கடல். அட்லாண்டிக் ஒரு கடல். வடக்கே இரண்டுக்கும் நடுவில் நிற்பது பனியா? இல்லை, ஆட்டுக்கிடை வாசலை அடைக்கிற படல்! பல லட்சம் வருடங்களுக்கு முன் அந்தப் படல் விலகியதாம். நம் சாளை போன்ற ஒரு மீன் அட்லாண்டிக்கிலிருந்து அந்த வழியாகப் பசிபிக்குக் குடிபோனதாம். பிறகு குளிர் வழியை அடைத்தது. இப்போது பனி உருகுகிறது. மகள் எழுதியதை நானே வாசித்தேன். எந்த மீன் எந்தப் பக்கம் போகும்? யார் இரையை யார் தின்னும்? எந்த நோய் கூடவே நீந்தும்? யாருக்குத் தெரியும்?

எனக்குக் கொஞ்சம் தெரியும். விளாத்திகுளம் பக்கம் ஒரு மிளகாய்க் காட்டில், உரத்துக்காகக் கிடை போட்டிருந்தேன். படலைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் வேற்று மந்தை ஆடு ஏழு உள்ளே நிற்கிறது. யார் ஆடு என்று காட்டும் காதுவெட்டைப் பார்த்தேன், நம் ஆடு இல்லை. ஏழு ஆடு கூட இருந்தால் காட்டுக்கு ஏழு ஆட்டுப் புழுக்கை கூடத்தானே என்று விட்டுவிட்டேன். எட்டாம் நாள் அம்மை விழுந்தது. அறுபது ஆட்டில் மிஞ்சியது பதினொன்று.

அன்று சுப்புத்தாய் அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள். “தெறந்திய, சரி. வாசல்ல யார நிறுத்துனிய?”

அந்தக் கேள்வி இருபது வருடமாக என் கூடவே மேய்கிறது. இன்று அதே சுப்புத்தாய், “கையெழுத்துப் போட்டிய, கஞ்சி கெடையாது” என்று மூன்று நாளாகப் பேசாமல் இருக்கிறாள். எனக்கு மட்டும் பயம் இல்லையா? வெயிலில் வளர்ந்த பிள்ளை பனியைத் தாங்குமா? கப்பல் ஆடினால் யாரைப் பிடித்துக்கொள்ளும்?

ஆனால் சுப்புத்தாய், அங்கே நம் மகள் வேலை என்ன? திறந்த வழியில் நின்று, வலையில் வரும் மீனைப் பார்த்து, இது எந்தக் கடல் மீன் என்று எழுதிவைப்பது. காதுவெட்டுப் பார்க்கிற வேலை! அன்று நான் நிற்காத வாசலில் இன்று நிற்கப் போகிறவள் நம் பிள்ளை! வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வேன்?

சுப்புத்தாய் என்னவோ சொல்கிறாளே? சத்தமாகச் சொல், மேடைக்குக் கேட்கட்டும்!

“போட்டுத் தொலைங்க! கம்பளிச் சட்டை மட்டும் ரெண்டா எடுத்துக் குடுங்க!”

கேட்டீர்களா? அண்ணாச்சி, உங்கள் பேனாவைக் கொடுங்கள். டீச்சர், அந்த மைப்பெட்டியை மூடிவிடுங்கள். என் கட்டைவிரலுக்கு இனி வேலை இல்லை.

மா… ய… கிருஷ்ணன். போட்டுவிட்டேன்!

காத்திருந்து கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி. மகளே, வாசலில் விழித்து நில். அடுத்த வாரம் உனக்கு என் கையாலேயே கடிதம் எழுதுவேன். வணக்கம்.