குதிகாலுக்குப் பின்னால்

கால் வேகமுள்ள பையன்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பனி அரங்கத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள், மின்னலாய்ச் சறுக்குகிற பிள்ளைகள் பத்துப் பேராவது தேறுவார்கள். அதனால் கிளப்பின் ஆண்டு மலருக்காக, என் தம்பி திமோ எவ்வளவு தூரம் போயிருப்பான் என்று நீங்கள் கேட்டபோது, வேகத்தைப் பற்றிச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

பனி ஹாக்கியில் இடது ஓரத்தில் ஆடுகிறவன் பலகைச் சுவருக்கும் எதிராளிக்கும் நடுவே பிழைக்க வேண்டும். திமோ அந்தச் சந்துக்குள் நுழைந்தால் இடம் தானாக விரிந்து கொடுப்பதுபோல இருக்கும். பதினாறு வயதில் இடித்தால் விழுந்துவிடுவான், தோளே கிடையாது. அடுத்த வருஷம், இடிக்க வருகிறவனின் கனத்தை வைத்தே சுழன்று தப்பக் கற்றுக்கொண்டான். மட்டையைத் திருப்பிப் புறங்கையால் அடிப்பதுதான் மோசமாக இருந்தது. அதற்காக ஒரு கோடை முழுவதும் கார் கொட்டகைச் சுவரில் அடித்து, சுவரை நாசமாக்கினான். காகித ஆலைக் கேண்டீனில் வேலை முடிந்து வந்த அம்மா, சுண்ணாம்பு உதிர்ந்து கிடப்பதைப் பார்த்துவிட்டுக் கூட்டி அள்ளினாள்.

நான் அவனைவிட நான்கு வயது மூத்தவன். ஒரே அணியில் நடுவில் ஆடினேன். பந்துக்குப் பதிலாக ஆடுகிற ரப்பர் வட்டைப் பறித்து அவன் மட்டைக்கு அனுப்புவது என் வேலை. நான் அனுப்பும் வட்டை அவன் திரும்பிப் பார்த்ததே இல்லை. தலை நிமிர்ந்தபடி போவான், மட்டை மட்டும் பனியில் காத்திருக்கும், வட்டு அங்கே போய்ச் சேரும். அப்படித்தான் நான் பழக்கியிருந்தேன்.

அவனுக்குப் பதினெட்டு நடந்த குளிர்காலத்தில் கனடாவிலிருந்து ஆட்டக்காரர்களைத் தேடி இரண்டு பேர் வந்து மேல்வரிசையில் உட்கார்ந்து பார்த்தார்கள். ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளர் பிளாஹோ என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"ராடோ, அவங்க இடது பக்கத்தை மட்டும்தான் கேட்டாங்க," என்றார். "அவன் போயிட்டா, நடுவுல சின்னப் பையன் யாரையாவது போடலாம்னு இருக்கேன். கோவிச்சுக்காதடா. உன் பாஸெல்லாம் அவன் காலாலதான் அழகாத் தெரிஞ்சுது."

நான் கோபித்துக்கொள்ளவில்லை. நன்றி சொன்னதாகக்கூட நினைவு.

வீட்டில் அம்மா ஆட்டுப்பாற்கட்டி போட்டு உருளைக்கிழங்கு உருண்டை செய்திருந்தாள். திமோ வாய் நிறையச் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்: "அண்ணா, நான் அங்க போய் நிலைச்சதும் உன்னையும் கூப்பிட்டுக்கறேன். மட்டை, ஸ்கேட்டெல்லாம் பாத்துக்க அவங்களுக்கு ஆளு வேணுமாம். நீ என்னோடதையே பாத்துக்கலாம்."

"பாத்தியா, தம்பி உன்னை மறக்கல," என்றாள் அம்மா. அவன் மனசாரச் சொன்னான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நானும் சிரித்தேன்.

அவனை நினைத்துக் கவலைப்பட்டேன் என்பதுதான் உண்மை. அங்கே அவனைப்போல நூறு பேர் இருப்பார்கள். பாதிப் பேரைப் பிழிந்துவிட்டுத் திருப்பி அனுப்புவார்கள். இன்னும் ஒரு வருஷம் அவன் என் பக்கத்தில் இருந்தால் பக்குவப்படுவான் என்று நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் நியாயமான நினைப்புதான்.

ஒருநாள் பயிற்சியின்போது வட்டைக் கொஞ்சம் பின்னால் அனுப்பிப் பார்த்தேன், அவன் குதிகாலுக்குப் பின்னால். அவன் தலையைக் குனிந்து, உடம்பை முறுக்கி, எட்டி அதை இழுத்துக்கொண்டான். "என்னண்ணா, தூக்கமா?" என்று சிரித்தான். இன்னொரு நாளும் பார்த்தேன். அதற்கடுத்த வாரமும். ஒவ்வொரு தடவையும் குனிந்தான். வேறு யார் அனுப்பியிருந்தாலும் போகட்டும் என்று விட்டிருப்பான். என்னுடையது என்பதால் வீணாக்க அவனுக்கு மனம் வரவில்லை.

அந்த மாதிரிப் பாஸுக்கு உடைமாற்றும் அறையில் 'ஆஸ்பத்திரிச் சீட்டு' என்று பெயர். குனிந்து ஓடுகிறவனுக்கு எதிரே யார் வருகிறார்கள் என்று தெரியாது.

துருபன் கிழக்கத்தி அணியின் தடுப்பாட்டக்காரன். அலமாரி மாதிரி ஆள். ஆனால் நேர்மையானவன், முழங்கையைத் தூக்கமாட்டான், முதுகில் இடிக்கமாட்டான். அவனைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். எங்கள் ஊர் அரங்கத்தில், இரண்டாம் பகுதி ஆட்டத்தில், அவன் தன் பக்கத்து எல்லையான நீலக் கோட்டை விட்டு முன்னால் பாய்வதைப் பார்த்தேன். என் வலப்பக்கத்து ஆள் தனியாக நின்றான். பின்னாலும் இடம் இருந்தது. இரண்டையும் பார்த்தேன். பிறகு வட்டை இடப்பக்கம், திமோவின் குதிகாலுக்குப் பின்னால் அனுப்பினேன்.

துருபன் இடித்தால் தோள்பட்டை எலும்பு முறியும் என்றுதான் எதிர்பார்த்தேன். வசந்தம்வரை படுத்திருந்தால் போதும், கனடாக்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். விழும்போது தலை பலகையின் விளிம்பில் படும் என்று யார் கண்டது? முதலில் ஓடிப்போய் அவன் பக்கத்தில் மண்டியிட்டவன் நான். ஒளிப்பதிவில் அதுவும் இருக்கிறது.

அந்த ஒளிப்பதிவை நாடே பார்த்தது. எல்லாரும் துருபனின் தோளைத்தான் பார்த்தார்கள். பத்திரிகைகள் அவனைக் கசாப்புக்காரன் என்றன. ஆடக்கூடாது என்று விதித்த தடை முடிந்த பிறகும் அவன் பனியில் இறங்கவில்லை. இப்போது டயர் கடையில் வேலை செய்கிறான். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் ஒரு கூடைப் பிளம்ஸோடு வந்து, திமோவின் சக்கர நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். திமோவுக்கு அவனைப் பிடிக்கும். துருபன் வந்தால் வலது கையால் நாற்காலியைத் தட்டுவான்.

ஒருமுறை துருபன் கேட்டான். "அந்தப் படத்தை மறுபடி பாத்தேன், ராடோ. வலப்பக்கம் உங்க ஆளு சும்மா நின்னுட்டிருந்தான். நீ ஏன் திமோவுக்குக் குடுத்த?"

நான் காபி ஊற்றிக்கொண்டிருந்தேன். "ஆட்டத்துல அதெல்லாம் யோசிக்க நேரம் ஏது? நீ மட்டும் யோசிச்சியா?" என்றேன்.

அவன் காபியைக் குடித்துவிட்டு எழுந்தான். போகும்போது திமோவின் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சிருடா," என்றான். எப்போதும் சொல்வதுதான். நான் அவனுக்கு மேல்கோட்டை எடுத்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அவன் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். போயிருப்பான். நூறு பேரில் ஒருவனாக அல்ல. அங்கேயும் இடம் அவனுக்காக விரிந்திருக்கும். அவனுக்கு அத்தனை வருஷம் வட்டு அனுப்பிய எனக்குத் தெரியாதா? தெரிந்ததால்தான் அனுப்பினேன்.

போன மாதம் தலைநகர் பிராத்திஸ்லாவாவிலிருந்து ஒரு பெண் மருத்துவர் வந்து பார்த்தார். இடது காலில் உணர்வு திரும்புகிறது, தங்கள் சிகிச்சை இல்லத்தில் ஒரு வருஷம் தங்கினால் கோல் ஊன்றி நடப்பான் என்றார். பேச்சும் வரலாமாம். திமோவுக்குப் புரிந்துவிட்டது. அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தான். அம்மா போன பிறகு அவனுக்காக முடிவு செய்ய வேண்டியவன் நான்தான்.

வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். முன்பின் தெரியாத இடத்தில் அவன் தனியாக என்ன செய்வான்? முடியும் முடியும் என்று ஆசை காட்டி ஏமாற்றுவார்கள். ஒருமுறை பட்டது போதாதா? அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை, இரண்டு நாள் என் பக்கம் திரும்பவும் இல்லை. பிறகு பசி வந்ததும் வாயைத் திறந்தான்.

இதையெல்லாம் மலரில் போடுவதும் விடுவதும் உங்கள் இஷ்டம். ஆனால் பொறாமை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நான் பொறாமைப்பட இப்போது அவனிடம் என்ன இருக்கிறது?