எட்டாத மேல் ஸ

டீயில் சர்க்கரை போதவில்லை என்றால் கூச்சப்படாமல் கேளுங்கள், இன்ஸ்பெக்டர். புனேயில் தமிழர்கள் நிறைந்த போபோடியில் பிறந்து வளர்ந்தவர் என்றீர்கள், அதனால் தமிழிலேயே சொல்கிறேன். என் ஹிந்தியில் சொன்னால் எல்லாமே சண்டை போடுவது போல இருக்கும்.

ஜன்னலைத் திறந்து வைக்கச் சொன்னது யார் என்று கேட்டீர்கள். அதற்கு வருகிறேன்.

நான் ஹிஞ்சேவாடியில் ஒரு கம்பெனியில் பாதுகாப்பு அதிகாரி. தீப்பிடித்தால் எந்தப் படியில் இறங்குவது, ஏன் லிஃப்டில் ஏறக்கூடாது என்று சொல்லிக்கொடுப்பது என் பிழைப்பு. கேட்பவர்கள் கொட்டாவி விடுவார்கள். அது பழகிவிட்டது. பழகாதது பக்கத்து ஃப்ளாட் சுந்தரமூர்த்தி சாரின் சங்கீதம்தான்.

தங்கமான மனிதர், கோயம்புத்தூர்க்காரர். அவர் வீட்டில் கொழுக்கட்டை செய்தால் முதல் தட்டு எனக்குத்தான் வரும். ஐம்பது வயதில் ஆன்லைனில் பாட்டு கற்க ஆரம்பித்து, சரளி வரிசையிலேயே குடியிருக்கிறார். காலையில் குளிக்கும்போது சாதகம். ஸ ரி க ம ப த நி வரை ஒழுங்காக ஏறுவார். மேல் ஸ மட்டும் பிடிபடாது. விட்டேனா பார் என்று மறுபடி கீழேயிருந்து தொடங்குவார். அவர் குளியலறை ஜன்னல், நான் துணி காயப்போடும் டிரை பால்கனிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

அந்த பால்கனியில்தான் வெந்நீர் போடும் என் கேஸ் கீசர். அதன் புகைக்கு மணமில்லை, நிறமில்லை. முதலில் தலைவலி வரும், அப்புறம் ஆளைச் சத்தமில்லாமல் சாய்த்துவிடும். அதனால் புகைக்குழாயின் வாய் வெட்டவெளியைப் பார்த்திருக்க வேண்டும், யார் வீட்டு ஜன்னலையும் பார்க்கக் கூடாது. எங்கள் குடியிருப்பு சொசைட்டி கூட்டத்தில் இதைப் படம் போட்டு விளக்கியவளே நான்தான். முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டிக் கேட்டவர் சார் ஒருவர்தான்.

தீபாவளி முடிந்ததும் குழாயின் வளைவைக் கழற்றி அவர் ஜன்னல் பக்கம் திருப்பி மாட்டினேன். கேட்டவர்களிடம் புறாத் தொல்லை என்றேன். புனேயில் புறாவின் மேல் எந்தப் பழியைப் போட்டாலும் நம்புவார்கள். என் மனதில் வேறு கெட்ட எண்ணம் கிடையாது. வெக்கை அடித்தால் ஜன்னலைச் சாத்திக்கொள்வார், சத்தம் குறையும், அவ்வளவுதான். அவர் பாட ஆரம்பித்ததும் நானும் வெந்நீரைத் திறந்துவிடுவேன். எப்போதும் அரை வாளியில் குளிப்பவள், அந்த நாட்களில் கொஞ்சம் தாராளமாகத் திறந்துவிட்டேன்.

போன வியாழக்கிழமை அவர் நி வரை வந்தார். துணிக்கொடியைப் பிடித்தபடி காத்திருந்தேன். ஸ வரவில்லை. மறுபடி கீழேயிருந்தும் தொடங்கவில்லை. ஏதோ கனமாக விழுந்தது.

முதலில் கீசரை அணைத்துக் குழாயைப் பழையபடி திருப்பினேன். கொதித்தது, கை பொத்துப்போயிற்று. அப்புறம்தான் ஓடினேன். குளியலறைக் கதவை உடைத்து, அவரைக் கூடத்துக்கு இழுத்து வந்து, வேலையில் சொல்லிக்கொடுக்கும் முதலுதவியெல்லாம் செய்தேன். அவர் மனைவி ப்ரீதி என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. பிழைத்துவிட்டார், நினைவு இன்னும் சரியாக வரவில்லை. சொசைட்டியில் எனக்கு சால்வை போர்த்தித் தேங்காய் கொடுத்தார்கள். கைக்கட்டைப் பார்த்து எல்லோருக்கும் கண் கலங்கியது. அதோ மேசை மேல் இருப்பது அந்தத் தேங்காய்தான்.

இப்போது ஜன்னலுக்கு வருகிறேன். அவர் விழுவதற்கு ஒரு வாரம் முன்னால் சாரை லிஃப்டில் பார்த்தேன். நெற்றி முழுக்கத் தைலம்.

"குளிச்சுட்டு வந்தாலே தலை கிண்ணுனு வலிக்குதுங்க, ரோஹிணி மேடம். பனிக்காத்து ஏறுதோ என்னமோ. நாளையில இருந்து ஜன்னலைச் சாத்திக்கலாம்னு இருக்கறனுங்க. நீங்க என்னங்க சொல்றீங்க?"

நான் பாதுகாப்பு அதிகாரி என்பதால்தான் என்னைக் கேட்டார். ஜன்னல் சாத்துவதற்காகத்தானே நான் அத்தனை பாடுபட்டேன்.

"சாத்தாதீங்க சார். நல்லாத் திறந்து வையுங்க, காத்து உள்ள வரட்டும்."

மறுநாள் முதல் முழுதாகத் திறந்து வைத்தார். சொன்னால் கேட்கும் மனிதர்.