துளி அக்காவின் மேசை

மேடையில் அமர்ந்திருக்கும் தலைமை மருத்துவர் அவர்களே, செவிலியர்களே, முன்வரிசையில் இருக்கும் அக்காவின் மகளே, மூன்றாம் வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் பேருந்து ஓட்டுநர் ஐயா அவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் ஆய்வகத்தின் தலைசிறந்த நுட்பநர் இன்று நம்மிடையே இல்லை. எதற்கும் இன்னொரு துளி வைத்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுவார். அதனால்தான் அவர் நமக்கெல்லாம் துளி அக்கா. பத்தொன்பது ஆண்டுகள் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். அவரைவிட மூன்று மாதம் முன்னால் வேலைக்குச் சேர்ந்தேன் என்பதற்காக வாய் நிறைய 'சீனியர்' என்று கிண்டல் செய்வார். இனி என்னை அப்படி யார் கூப்பிடுவார்கள்?

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் இந்த ஓட்டுநர் ஐயா விடாத காய்ச்சலோடு வந்தார். சர்க்கரை நோய் வேறு. அவருடைய சிறுநீரை நுண்ணோக்கியில் பார்த்தேன். உருண்டை உருண்டையாகத் தெரிந்தது. ரத்தச் சிவப்பணுக்கள் என்று எழுதினேன். மருத்துவர்கள் சிறுநீரகத்தில் கல்லைத் தேடினார்கள். காய்ச்சலோ இறங்கவே இல்லை. மூன்றாம் நாள் அவருடைய சிறுநீர் மறுபடி சோதனைக்கு வந்தது. மறுபடியும் அதையே எழுதினேன். அக்கா எட்டிப் பார்த்தார்.

"ரத்தம் இருந்தா சிறுநீர்ல முக்குற சோதனைப் பட்டையில நிறம் மாறணுமே சீனியர்! மாறவே இல்லையே?"

"பட்டை பழசா இருக்கும். என் கண்ணு பொய் சொல்லுமா?" என்றேன். என்ன திமிர் எனக்கு!

அக்கா அந்தக் கண்ணாடித் தகட்டில் ஒரு துளி அசிட்டிக் அமிலம் விட்டார். சிவப்பணுவென்றால் கரைந்துபோகும். கரையவில்லை. ஒன்றுகூடக் கரையவில்லை! மொட்டு விட்டபடி அப்படியே நின்றது பூஞ்சை. புதிதாகச் சிறுநீர் வாங்கிப் பார்த்தார், அதிலும் அதுவே. மருந்து மாறியது. நாலு நாளில் காய்ச்சல் விட்டது.

"யார் தப்பு இது?" என்று மருத்துவர் கேட்டார்.

"எங்க மேசையில நடந்துடுச்சு டாக்டர்," என்றார் அக்கா. நான் வாயே திறக்கவில்லை. ஆண்டுதோறும் ஓட்டுநர் ஐயா வந்து எங்கள் இருவர் கையையும் பிடித்து நன்றி சொன்னார். நானும் கையை நீட்டினேனே!

ஐயா, அது எங்கள் மேசையில் நடக்கவில்லை. என் கையால் நடந்தது. அக்கா இருக்கும்போதே இதைச் சொல்லியிருக்க வேண்டும். மன்னித்துவிடுங்கள்.

சந்தேகம் இருக்கும்வரை, இன்னொரு துளி வைக்காமல் அந்த மேசையிலிருந்து ஓர் அறிக்கையும் வெளியே போகாது. இந்த அவைக்கு நான் தரும் வாக்கு இது. நேற்றும் வைத்தேன். அந்த அமிலத்தின் புளிப்பு வாடை மேசையெங்கும் பரவியது. பழக்கத்தில் நிமிர்ந்து, "பாருங்கக்கா, கரையல," என்றேன். சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திருந்தேன்.