சின்முத்திரைக்கு ஒரு விரல்

கல்லால மரநிழலில் வாய் திறவாது விரலால் உணர்த்திய பெருமான் காப்பு.

மார்கழித் திருவாதிரை நன்னாளில் திருவதிகைக்குப் புறப்பட்டு நெய்வேலியில் பஸ் ஏறினேன். முன் இருக்கையில் ஷிப்ட் முடிந்த தொழிலாளி ஒருவரும் அவர் மனைவியும் இருந்தனர். அவர் சொன்னது என்னைத் திடுக்கிடச் செய்தது.

"என் வலது கையில சாமி இருக்குது, ஆணவம், கன்மம், மாயை மூணும் இருக்குது. உயிருதான் இல்ல."

"நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சுங்க இது?"

"தியானம் சொல்லிக்குடுக்கறவரு சொன்னாரு. கட்டைவிரல் சாமி, ஆள்காட்டி விரல் உயிரு, மத்த மூணும் மும்மலமாம். ரெண்டும் தொட்டாத்தான் முத்திரையாம். என் ஆள்காட்டி விரலத்தான் ஊர்ல கரும்பு ஆலை தின்னுடுச்சே. இனிமே வராதப்பான்னுட்டாரு."

"இடது கை இருக்குதில்ல?"

"அது ஆவாதாம். மெஷின் சத்தம் கேட்டா வர்ற நடுக்கம் அந்தத் தியானத்துல குந்திக்கினு இருந்தாத்தான் அடங்குது. இனிமே எப்படி வேலைக்குப் போவேன்?"

அந்த அம்மாள், அத்தனை பேர் பார்க்க, தம் ஆள்காட்டி விரலை நீட்டி அவர் கட்டைவிரல் நுனியில் வைத்தார்.

"கண்ண மூடுங்க. இதுதான் உங்க உயிருன்னு வெச்சிக்கோங்க."

கண்டக்டர் டிக்கெட் கிழிக்க மறந்து நின்றார். "பஸ்ஸுல புருசன் கையத் தொட்டுக்கினு! கலிகாலம்!" என்றாள் ஒருத்தி.

"சத்தம் போடாதீங்கக்கா. எங்க வூட்டுக்காரரு சாமி கும்பிடறாரு."

கூச்சத்தில் முகம் திருப்பியிருந்த நான் மீண்டும் நோக்கினேன். எஞ்சின் இரைந்துகொண்டிருந்தது. அந்தக் கை நடுங்கவில்லை.

இதை வாசிப்போர் யாவரும், தமக்கில்லாத விரலைத் தருவோர் அருகிருக்க, நீடு வாழ்க.