கேம் செயினும் ஒரு தோசைக்கல்லும்

எனக்குத் தோசை மெத்தென்று இருக்க வேண்டும். முறுகலாக வார்த்தால் ஈறில் குத்துகிறது. அறுபத்து மூன்று வயதில் ஒரு மனிதனுக்கு இந்தச் சலுகைகூட இல்லையென்றால் எப்படி? நடந்ததைச் சொல்லத் தோசையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். எல்லாம் அதற்காகத்தான்.

என் பெயர் ஸ்ரீரங்கன். மயிலாப்பூரில் தனியாக இருக்கிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, சரியாகச் சொன்னால், யாரும் என்னைச் செய்துகொள்ளவில்லை. ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். மிஞ்சியது காது. அதைப் பற்றி எனக்கு அபார அபிப்பிராயம். பக்கத்து வீட்டு மிக்ஸி புகையப் போகிறது என்று முன்கூட்டியே போய்ச் சொல்லியிருக்கிறேன். புகைந்தது. நான்தான் கண் வைத்தேன் என்றார்கள்.

ராயப்பேட்டை ஜவஹர் என் சிநேகிதன். அவனிடம் ஒரு பழைய ஜப்பான் மோட்டார் சைக்கிள், அவன் அத்தா ஏலத்தில் எடுத்தது. அதன் எஞ்சினுக்குள் கேம் செயின் என்று ஒரு சங்கிலி உண்டு. வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைப்பது அதுதான். தொய்ந்தால் சடசடவென்று கத்தும். இழுத்துப் பிடிக்க ஒரு டென்ஷனர், அது பின்வாங்காமல் இருக்க ஒரு லாக் நட். ஒரு ஸ்பானரும் ஒரு காதும் இருந்தால் சரிசெய்துவிடலாம்.

முதல் தடவை நான் அதைச் சரிசெய்தபோது ஜவஹர் என்னைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினான். “அய்யரே, நீ டாக்டருயா,” என்றான். நான் ஐயங்கார். திருத்தவில்லை. அவ்வளவு சந்தோஷமாகக் கூப்பிட்டால் எந்தப் பெயருக்கும் திரும்பிப் பார்ப்பேன்.

அன்று அவன் மனைவி ஷாகிரா எனக்குத் தோசை வார்க்க வந்தார். முட்டையும் மீனும் ஏறும் கல் என்று நான் தயங்கியதைக் கவனித்துவிட்டார். அடுத்த முறை போனபோது புதிதாக ஒரு தோசைக்கல் இருந்தது. “இது உங்களுக்கு மட்டும்தாண்ணே,” என்றார். எனக்கு மட்டும் என்று யாரும் எதையும் வாங்கியதில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், திரும்பும்போது பஸ்ஸில் அழுதேன். கண்டக்டர் சில்லறை இல்லாததற்காக அழுகிறேன் என்று நினைத்திருப்பார்.

சிக்கல் என்னவென்றால், வண்டி கத்தாத ஞாயிறுகளில் ஜவஹர் கூப்பிட மாட்டான். கூப்பிடாமலே போகலாம்தான். ஆனால் காரியமில்லாமல் சாப்பாட்டு வேளையில் ஒருவர் வீட்டு வாசலில் நிற்கக் கூடாது என்று வளர்க்கப்பட்டவன் நான். ஆகவே ஒரு காரியத்தை உண்டாக்கிக்கொண்டேன். லாக் நட்டை முழுக்க இறுக்காமல் விட ஆரம்பித்தேன். சில வாரங்களில் சத்தம் திரும்பும், ஃபோன் வரும், தோசை வரும். வருஷக்கணக்கில் ஒரே நோயைக் குணப்படுத்திப் பேர் வாங்கிய வைத்தியன் நானாகத்தான் இருப்பேன்.

அவர்கள் மகள் ஃபிசா, ஆட்டோமொபைல் படிக்கிறவள், பக்கத்தில் நின்று பார்ப்பாள். பெருமைக்கு ஆசைப்பட்டு அவளுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். செயின் ரொம்பத் தொய்ந்தால் பல் தாவும், வால்வு பிஸ்டனில் இடிக்கும், ஓடுகிற வண்டி அப்படியே பூட்டிக்கொள்ளும் என்பது உட்பட. எனக்குத் தெரியாது என்று பிற்பாடு யாரும் சொல்ல முடியாது, நான்கூட.

கோடையில் அவளே நட்டை இறுக்கிவிட்டாள். ஒழுங்காக இறுக்கினாள். ஜவஹர் ஃபோனில், “அய்யரே, பொண்ணே பாத்துக்கினா. இனிமே உனுக்கு பேஜார் இல்ல,” என்றான். எனக்கு நல்லது செய்ததாக அவன் நினைப்பு. அதன்பிறகு ஃபோன் வரவில்லை.

மழைக்காலம் வரை பொறுத்தேன். பிறகு ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் காரணமாக வாங்கிக்கொண்டு போனேன். அடுப்பில் என் தோசைக்கல் இருந்தது. அதில் ஆம்லெட் இருந்தது.

ஷாகிரா என் முகத்தைப் பார்த்துவிட்டார். “நீங்க வர்றதே இல்லியேண்ணே. சும்மா கெடக்குதேன்னு...”

“அதனாலென்ன, பாத்திரம்தானே,” என்றேன். டீ குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

வண்டி மாடிப்படிக்குக் கீழே நின்றது. சிலர் சட்டைப்பையில் பேனா வைத்திருப்பார்கள், நான் ஸ்பானர் வைத்திருப்பேன். இந்த முறை சத்தம் சீக்கிரம் வரட்டும் என்று நட்டைத் தாராளமாகவே தளர்த்தினேன். டென்ஷனரையும் பின்னுக்குத் தள்ளினேன். கைக்குட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு நடந்தேன். கோபமெல்லாம் இல்லை.

அந்த வாரமே ஃபோன் வந்தது. திருவான்மியூருக்குப் போகும்போது அடையாறு பாலத்தில் எஞ்சின் பூட்டிக்கொண்டு, ஜவஹர் தூக்கி எறியப்பட்டிருந்தான். முதுகெலும்பில் அடி. ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: “சத்தம் ரெண்டு நாளாவே வந்துகினு இருந்துச்சு அய்யரே. ஞாயித்துக்கெழமை உன்ன கூப்டலாம்னு வுட்டுட்டேன்.”

கூப்பிடத்தான் இருந்திருக்கிறான்.

எஞ்சினைப் பிரித்த மெக்கானிக், லாக் நட் லூஸாக இருந்தது என்றார். கடைசியாக அதைத் தொட்டவள் ஃபிசா என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவள் என்னைத் தனியாக வராந்தாவுக்குக் கூட்டிப்போனாள்.

“நான் டைட் பண்ணேன் அங்கிள். கை வலிக்கிற அளவுக்குப் பண்ணேன். நீங்க சொல்லுங்க, அது தானா கழலுமா?”

தானாகக் கழலும் என்றால் பொய்யாகிவிடும். பொய் எனக்குப் பிடிக்காது. “சில சமயம் ஞாபகம் நம்மை ஏமாத்திடும்மா,” என்று தலையைத் தடவிக்கொடுத்தேன். அழுதாள். என் கைக்குட்டையைக் கொடுத்தேன். அதில் கிரீஸ் கறை இருந்ததை அவள் கவனிக்கவில்லை.

இப்போது அவள் கல்லூரிக்குப் போவதில்லை. ஷாகிரா அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இரண்டு பேரும் மனம்விட்டுப் பேசுவது என்னிடம் மட்டும்தான். அந்த வீட்டுக்கு நான் எவ்வளவு தேவைப்படுகிறேன் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு ஞாயிறும் போகிறேன். யாரும் கூப்பிட வேண்டியதில்லை. ஷாகிரா எனக்கு வேறு ஒரு கல் வாங்கிவிட்டார். ஃபிசாவிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்துத்தான் வாராவாரம் படியேறுகிறேன். முதல் தோசை தட்டில் விழுந்ததும், சாப்பிடுகிற இடத்தில் அதையெல்லாம் பேசுவது முறையில்லை என்று பட்டுவிடுகிறது.

ஜவஹருக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. போன ஞாயிறு சக்கர நாற்காலியில் இருந்தபடி கேட்டான்: “இந்த வண்டி கிறீச் கிறீச்னு கத்திகினே கீது. உன் காதுல வுழலியா இன்னா?”

விழுந்திருந்தது. இரண்டு சக்கரங்களும் கத்தின. ஷாகிராவிடம் தேங்காய் எண்ணெய் வாங்கி, மண்டியிட்டு உட்கார்ந்து, ஒன்றுக்கு மட்டும் விட்டேன்.